முப்பது காதமா, இருபத்தொன்பது காதமா?

ஊத்தங்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா, தம்பி, அவர் என்று வீட்டில் மூன்று பேரும் பொங்கல் விடுமுறை முழுவதும் ஒரு புதிரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்காக ஒரு வாசகர் வட்டம் நடத்தும் புதையல் விளையாட்டு அது. எங்கும் அலைய வேண்டாம், எதையும் தோண்ட வேண்டாம். வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாட்டை அவிழ்த்து, விடையை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் போதும். முதலில் சரியாகச் சொல்பவருக்குச் செம்பில் வார்த்த ஒரு நெல்லிக்கனி பரிசு. பாட்டு இதுதான்:

பூவை உதிர்த்த பட்டணம் ஒன்று;
பேரில் ஒருத்தி, காலடி ஒருத்தி;
அங்கே இருந்து தெற்கே அறத்தூர்
அஞ்சி நடந்த வழியிடை நின்றேன்;
எழுத்தைப் படியார் விரலால் படிப்பார்;
நாவல் தாவளவு எத்தனை நவில்வீர்.

இவர்கள் அனுப்பிய விடை 30. அறிவிக்கப்பட்ட விடை 29. “ஒன்றுதான் குறைகிறது. வழி சரி, கணக்கில்தான் எங்கோ பிசகு என்கிறார் அப்பா. பிசகு எங்கே? அடுத்த புதிரும் வந்துவிட்டது. அதை எப்படி அணுகுவது?” என்று கேட்கிறார்.

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: கணக்கில் பிசகே இல்லை. வழிதான் முற்றிலும் வேறு. 30 என்ற எண் 29க்கு அடுத்த வீடு போலத் தெரிகிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு காலத்தில் நிற்கும் எண்கள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. புதிர் அவிழ்க்கும் கலையில் மிகவும் ஆபத்தான இடம் இந்த ‘கிட்டத்தட்ட’ என்கிற இடம்தான். அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் போன வழியை முதலில் பார்ப்போம். அது அழகான வழி. பூவை உதிர்த்த பட்டணம் என்றதும் பூம்புகாரை, அதாவது காவிரிப்பூம்பட்டினத்தை, நினைத்தீர்கள். கடல்கொண்ட ஊர், ஆகவே பூ உதிர்ந்தது. பேரில் ஒருத்தி காவிரி. காலடியில் ஒருத்தி யார் என்ற கேள்விக்கு மணிமேகலைப் பதிகத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். நாவல் மரத்தடியில் நின்ற சம்பாபதித் தெய்வத்தைக் காவிரிப்பாவை வந்து தொழுது நின்றாள் என்று அங்கே இருக்கிறது. அடேயப்பா, காலடியும் கிடைத்தது, நாவலும் கிடைத்தது! அறத்தூர் என்றால் மதுரை, அரசியல் பிழைத்தவனுக்கு அறமே கூற்றான ஊர். அஞ்சி நடந்த வழி, கோவலனும் கண்ணகியும் இருளோடு ஊரை விட்டுப் போன வழி. எத்தனை தூரம்? மதுரை மூதூர் எங்கே என்று கண்ணகி கேட்கும்போது கோவலன் சொல்லும் ‘ஆறைங்காதம்’, அதாவது ஆறு ஐந்து, 30 காதம். அஞ்சலட்டையை எழுதிப் போட்டுவிட்டீர்கள்.

இதை வாசித்தபோது நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். இரண்டு காப்பியங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று பேர் ஒரு வாரம் பேசியிருக்கிறீர்கள். விடை தவறிப்போனாலும் அந்த வாரம் வீணாகவில்லை. ஆனால் கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது: “ஐந்தாம் அடி மட்டும் அலங்காரத்துக்காக எழுதியது என்று விட்டுவிட்டோம்.”

பிசகு அங்கேதான் இருக்கிறது.

ஒரு நல்ல புதிர்ப்பாட்டில் சும்மா இருக்கும் சொல் கிடையாது. ஆறு அடியில் ஐந்து அடி பொருந்தி ஓரடி மட்டும் சும்மா நின்றால், அந்த ஓரடியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பொருந்திய ஐந்தும் சந்தேகத்துக்கு உரியவை. கேட்பதற்கு இது அநியாயமாக இருக்கும். நம் மனம் செய்வதை யோசித்துப் பாருங்கள். ஒரு விடையின் மேல் ஆசை வந்துவிட்டால் மற்றச் சொற்களை அந்தப் பக்கம் வளைத்துக்கொண்டே போகிறோம். தமிழ் போன்ற பழைய மொழியில் வளைக்க இடம் ஏராளம். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கைவசம் இருக்கும்போது எந்தச் சொல்லுக்கும் எங்கேயாவது ஒரு சான்று அகப்படும். வளையாமல் நிற்கும் அடியே நமக்கு உண்மையைச் சொல்லும் நண்பன்.

இப்போது ஐந்தாம் அடியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். எழுத்தைப் படியார் விரலால் படிப்பார். இதை வாசித்தவுடன் எனக்கு என் பாட்டி வீட்டுத் திண்ணைச் சுவர் நினைவுக்கு வந்தது. பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்கெல்லாம் மோர் ஊற்றுவாள். யார் வீட்டுக்கு எத்தனை படி என்கிற கணக்கு முழுவதும் அந்தச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டாக இருக்கும். ஒரு படிக்கு ஆள்காட்டி விரல் நுனியால் சின்னப் பொட்டு. பத்து சேர்ந்ததும் அவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரு பெரிய பொட்டு. மாதக் கடைசியில் கண் சரியாகத் தெரியாத அந்த அந்திப் பொழுதில், பொட்டுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வாய்விட்டு எண்ணுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. எழுத்தறியாதவர் விரலால் படிப்பது என்றால் இதுதான்.

ஆக, பாட்டில் பேசுவது எண்ணிக்கையைத் தடவிப் பார்த்து அறியக்கூடிய ஒரு பொருள். அந்தப் பொருள் “நின்றேன்” என்கிறது. இதையும் நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். கண்ணகியும் கோவலனும் நடந்தார்கள். இங்கே ஒருவர் நடக்க இன்னொருவர் வழியில் நிற்கிறார். விடுகதையில் ‘நான்’ என்று யார் பேசுகிறார் என்பதுதான் முதல் கேள்வி. தொல்காப்பியர் விடுகதைக்குப் பிசி என்று பெயர் சொல்லி, ஒப்புமை காட்டி மறைப்பது ஒன்று, தோன்றுகிற சிலவற்றைச் சொல்லி மற்றதைத் துணிய வைப்பது இன்னொன்று என்று இரண்டாகப் பிரிக்கிறார். இந்தப் பாட்டு இரண்டாவது வகை. வழியில் நிற்கும், தடவினால் எண் சொல்லும், தூரம் கேட்டால் விடை தெரியும். இப்படி அடுக்கிப் பாருங்கள். மைல்கல் என்று உங்கள் தம்பியே சொல்லிவிடுவான்.

அப்படி ஒரு மைல்கல் நம் மாவட்டத்தில் உண்மையிலேயே உண்டு. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல். இடைக்காலத்தில் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, வழியாகப் போன வணிகப் பாதையின் கல் அது. அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்குக் காதம் இத்தனை என்று பொறித்து, அதே எண்ணிக்கையைக் கல்லில் குழிகளாகவும் வெட்டி வைத்தார்கள். மாட்டு வண்டியோடும் பொதி மாட்டோடும் போகிறவர் எல்லோரும் எழுத்துக் கற்றவராக இருக்க மாட்டார் என்று நினைத்துப் பார்த்து, அவருக்காகக் குழி வெட்டிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆறகழூரில் கிடைத்த மகதேசன் பெருவழிக் கல்லிலும் காஞ்சிபுரத்துக்கு 20 காதம் என்பது இதே முறையில் குழியாக இருக்கிறது. நம் பக்கத்துக் கல்லில் இருக்கும் எண் 29.

இனி மற்ற அடிகளைப் பாருங்கள், தாமாகவே வந்து உட்காரும்.

‘அஞ்சி நடந்த வழி’. நீங்கள் அஞ்சி என்பதை வினையெச்சமாகப் படித்தீர்கள், பயந்து நடந்த வழி. அது பெயர்ச்சொல். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தரும் இதைத்தான் தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை என்கிறது. இந்த இடத்தில் பரிசுப் பொருளையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செம்பில் செய்த நெல்லிக்கனி! ஒளவைக்கு நெல்லி கொடுத்தவன் யார் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பரிசு, அறிவிப்பின் வாசகம், விளையாட்டு யாருக்காக என்கிற குறிப்பு, எல்லாமே புதிரின் பகுதிதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்காக என்று அறிவித்த ஒருவர் புகாரிலிருந்து மதுரைக்குப் போகச் சொல்லமாட்டார். அவர் தன் வாசலில் நின்று யோசித்திருப்பார்.

‘அறத்தூர்’ மதுரை இல்லை. தருமம் என்றால் அறம், புரி என்றால் ஊர். தருமபுரி. இதைத் தவறவிட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பஸ் பலகையில் நாள்தோறும் பார்க்கிற பெயர். பழகிய பெயருக்குப் பொருள் உண்டு என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. கிருஷ்ணகிரி என்றால் கருமலை, ஓசூர் என்றால் கன்னடத்தில் புது ஊர். நம் பக்கத்துப் புதிர்களில் இந்த மொழிமாற்றம் அடிக்கடி வரும். இரண்டு மாவட்டத்திலும் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்குவதால் ஊர்ப்பெயர்களை மூன்று மொழியிலும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அறத்தூருக்கு வடக்கே இருக்கும் அந்தப் பட்டணம் எது? பூவை உதிர்த்த பட்டணம். நீங்கள் ஊரின் கதையில் பூவைத் தேடினீர்கள்; பூ பெயரில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினம் என்கிற பெயரிலிருந்து ‘பூம்’ என்பதை எடுத்துவிடுங்கள். காவேரிப்பட்டணம்! கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலையில், தெற்கு நோக்கி வரும்போது வருகிற ஊர். பட்டணம் என்றும் பட்டினம் என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பாட்டில் பட்டினம் என்று இல்லாமல் பட்டணம் என்று வந்ததே ஒரு சைகை. கடற்கரை ஊருக்குப் பட்டினம் என்பதே பழைய வழக்கு. உள்நாட்டு ஊரைத்தான் புதிர்க்காரர் நினைக்கிறார் என்று அந்த ஒரு ‘ண’ சொல்லிவிடுகிறது.

இரண்டாம் அடிதான் இந்தப் பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பேரில் ஒருத்தி, காலடி ஒருத்தி. ஊரின் பேரில் காவேரி இருக்கிறாள். ஆனால் ஊரின் காலடியில் ஓடுவது காவிரி இல்லை, தென்பெண்ணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரைத் தொட்டு, கிருஷ்ணகிரி அணையில் தங்கி, காவேரிப்பட்டணம் வழியாக இறங்கிக் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறவள். பேரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு அக்கா வேறு ஊர் போனது போல, காவிரி ஒகேனக்கல் பக்கம் போய்விட்டாள். ‘ஒருத்தி’ என்று சொன்ன நயத்தைப் பாருங்கள். பெண்ணை என்ற பெயருக்குள்ளேயே பெண் இருக்கிறாள். சம்பாபதியைக் கொண்டுவந்து நீங்கள் பொருத்தியபோது ‘காலடி’ என்பதற்குத் தொழுதல் என்று பொருள் சொல்ல வேண்டி வந்தது. இங்கே எதையும் வலிந்து சொல்ல வேண்டியதில்லை. ஆறு ஊரின் காலடியில் ஓடுகிறது, அவ்வளவுதான். சரியான விடைக்கு இது ஓர் அடையாளம். விளக்கம் சுருங்கிக்கொண்டே போகும். தவறான விடைக்கு ஒவ்வோர் அடிக்கும் விளக்கம் நீண்டுகொண்டே போகும்.

கடைசி அடி. ‘நாவல் தாவளவு’. குரங்கு ஒன்று நாவல் மரத்துக்குத் தாவுவது போல ஒரு காட்சி கண்ணில் வருகிறது. தாவு அளவு, தாவும் தூரம். ஆனால் அந்த எழுத்துகளையே மெதுவாகப் படியுங்கள். நாவல் தாவள. தாவளம் என்பது வணிகர் தங்கிச் செல்லும் இடத்துக்குப் பழைய பெயர். கல்லில் இருக்கும் நாவற்றாவளம் முக்கால்வாசி அப்படியே பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது! எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். ஐந்தாம் அடியில் விரலால் படிக்கச் சொன்னவர் ஆறாம் அடியை நாமும் அப்படிப் படிக்க வேண்டும் என்றே வைத்திருக்கிறார். இதைக் கண்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். முகம் தெரியாத அந்தப் புதிர்க்காரருக்கு என் வணக்கம்.

இப்போது உங்கள் 30ஐயும் இந்த 29ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று புகாரிலிருந்து மதுரைக்கு ஒரு காப்பியம் சொல்லும் தூரம். மற்றது தகடூர் நாட்டில் ஒரு கல்லிலிருந்து ஒரு தாவளத்துக்கு உள்ள தூரம். காதம் என்கிற அளவும் காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் மாறியது. ஒரு காதம் விலகி நின்றது தற்செயல், வேறொன்றும் இல்லை.

புதிர்க்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு; அதையும் சொல்லிவிடுவதே நியாயம். நெல்லிக்கனி கொடுத்த அஞ்சி சங்க காலத்தவன். பெருவழிக் கல்லோ அவனுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. அந்தக் கல் சொல்லும் அதியமான் என்கிற பெயர், தகடூரில் பின்னால் ஆண்ட அதியமான்களின் வழியில் வந்தது. ‘அஞ்சி நடந்த வழி’ என்பது கவிதைக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியில்லை. நன்றாக வரலாறு தெரிந்த ஒருவர் இதனாலேயே கல்லைத் தள்ளிவிட்டிருக்கக்கூடும். புதிர்க்காரர் சொல்லை மறைக்கலாம், திருப்பலாம், ஒளிக்கலாம். காலத்தைக் குழப்பக்கூடாது என்பது என் கட்சி.

உலகத்தில் இந்த விளையாட்டைப் பெரிதாகத் தொடங்கி வைத்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அனுபவம் அங்கே ஆயிரக்கணக்கானவருக்கு நேர்ந்தது. இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்கிற ஓவியர் ஒரு தங்க முயலைச் செய்து மண்ணில் புதைத்து, அது இருக்கும் இடத்தை 15 ஓவியங்களுக்குள் ஒளித்து 1979இல் ‘மாஸ்கரேட்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். ஓவியங்கள் அத்தனை நுணுக்கமானவை. பூவும் பறவையும் எண்ணும் எழுத்தும் நிறைந்து கிடக்கும். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு விடை கட்டினார்கள். ஓவியர் வைத்திருந்த விதியோ மிக எளிது. படத்தில் இருக்கும் உயிரின் கண்ணிலிருந்து அதன் மிக நீண்ட விரல் வழியாக ஒரு கோடு இழுத்தால் ஓரத்தில் இருக்கும் ஓர் எழுத்தில் போய் நிற்கும். கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. அந்த எழுத்துகளைக் கூட்டினால் சொற்கள். சொற்களின் முதல் எழுத்துகளைக் கூட்டினால் ஆம்ட்ஹில் என்கிற ஊருக்கு அருகில் என்று வரும். அங்கே இருக்கும் கேதரின் அரசியின் நினைவுச் சிலுவையின் நிழல், இரவும் பகலும் சமமான நாளின் நண்பகலில் எங்கே விழுகிறதோ அங்கே முயல். விடைக்குள்ளேயே விடை சரிதான் என்று சொல்லும் முத்திரையும் இருந்தது பாருங்கள். நம் பாட்டில் ‘தாவள’ செய்யும் வேலையும் அதுதான்.

அந்த முயலுக்கு நேர்ந்தது சோகம். 1982இல் ஒருவர் அதைக் கைப்பற்றினார். புதிரை அவிழ்த்து அல்ல, ஓவியருக்கு நெருக்கமாக இருந்த ஒருவர் வழியே இடத்தை ஊகித்து. 1988இல் ஒரு செய்தித்தாள் அதை வெளிக்கொண்டு வந்தது. முறைப்படி முழுவதும் அவிழ்த்தவர்கள் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள், ஆனால் அவர்கள் எழுதியபோது காலம் கடந்துவிட்டது. பொருள் ஒருவருக்குப் போனது, புதிர் இன்னொருவருக்குக் கிடைத்தது. நீங்கள் யாராக இருக்க விரும்புவீர்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஃபென் என்கிற கலைப்பொருள் வணிகர் 2010இல் 24 வரிப் பாட்டு ஒன்றை வெளியிட்டு ஒரு பெட்டியை மலையில் ஒளித்து வைத்தார். வெதுவெதுப்பான நீர் நிற்கும் இடத்தில் தொடங்கு என்பது முதல் குறிப்பு. முதல் குறிப்பை உறுதி செய்யாமல் மற்றதில் கை வைக்காதீர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டி 2020இல் வயோமிங்கில் கிடைத்தது. அதற்குள் தேடப் போன இடத்தில் குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்திருந்தார்கள். பிரான்சின் தங்க ஆந்தைப் புதிர் 1993இல் தொடங்கி, தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வர 2024 ஆயிற்று. 31 ஆண்டு! நம் அஞ்சலட்டை விளையாட்டில் யாரும் பள்ளத்தில் விழப்போவதில்லை என்பதே எனக்கு நிம்மதி.

நிம்மதி என்று எழுதும்போதே தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவுக்கு வருகிறது. அடுத்த புதிருக்குக் கடப்பாரையோடு தயாராக இருக்கிறான் என்றீர்கள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகற்களும் கல்திட்டைகளும் வயல் வரப்பிலும் குன்றின் சரிவிலும் காவலின்றிக் கிடக்கின்றன. கல்லுக்கு அடியில் பொன் இருக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி, இரவோடு இரவாகப் பெயர்த்துப் போட்ட நடுகற்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாடு மீட்கப் போய் மாண்ட ஒருவனுக்கு ஊரே கூடி எடுத்த கல் அது. கீழே மிஞ்சிப்போனால் பானை ஓடும் எலும்பும்தான் இருக்கும். பெயர்த்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது, நமக்கோ எழுத்துச் சிதைந்துவிடும். சட்டமும் இருக்கிறது: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. மேலே இருக்கும் எழுத்துதான் புதையல். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குத் தம்பியை ஒரு நாள் அழைத்துப் போய் நடுகற்களைக் காட்டுங்கள். கையில் வாளோடு நிற்கும் அந்த வீரனைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு கடப்பாரை தானாகவே கொட்டகைக்குப் போய்விடும்.

அடுத்த புதிரை எப்படி அணுகுவது என்று கேட்டீர்கள். என் பழக்கம் இது: கோடு போட்ட நோட்டில் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் தனி வரியில் எழுதுவேன். அடி அடியாக அல்ல, சொல் சொல்லாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயராக என்ன பொருள், வினையாக என்ன பொருள், சேர்த்துப் படித்தால் என்ன, பிரித்துப் படித்தால் என்ன என்று எழுதிக்கொண்டே போவேன். முதல் மூன்று நாள் விடையைப் பற்றி நினைப்பதே இல்லை. நான்காம் நாள் ஒரு விடை தோன்றும். தோன்றியதும் அதைக் காப்பாற்ற மாட்டேன், கொல்லப் பார்ப்பேன். எந்தச் சொல் இந்த விடைக்குள் வேலையில்லாமல் நிற்கிறது என்று மட்டும் தேடுவேன். வீட்டில் மூன்று பேர் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. ஒருவர் விடை சொல்லட்டும், ஒருவர் எதிர்க்கட்சியாக இருக்கட்டும், தம்பி புத்தகங்களைப் புரட்டட்டும். இந்த முறை மூன்று பேரும் ஒரே கட்சியில் இருந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய புதிய பாட்டின் முதல் இரண்டு அடி:

நெருப்பில்லாப் புகை அடங்கிய பின்னே
பன்னிரண்டில் ஒருவன் காவல் இருந்தான்.

போட்டி முடியவில்லை, ஆகவே விடை சொல்வது நியாயமாகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நெருப்பில்லாப் புகை என்றதும் இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளையும் ஒகேனக்கல் என்று சொல்லிவிடும். கன்னடத்தில் ஒகே என்றால் புகை, கல் நமக்குத் தெரிந்த கல்தான். அவ்வளவு சுலபமாக ஒரு சொல் அவிழ்ந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் சொல்லில் உட்காருங்கள். ‘அடங்கிய பின்னே’ என்பது இடமா, காலமா? அதைத் தீர்க்காமல் பன்னிரண்டுக்குப் போகாதீர்கள். பன்னிரண்டு என்ற எண்ணுக்கு நம் சீமையில் மட்டும் ஒரு தனிப் பொருள் உண்டு. அப்பாவிடம் நம் சீமையின் பழைய பெயரான பாராமகால் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அவர் எழுந்து உட்காருவார்.

நானும் என் விடையை எழுதி ஓர் உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அஞ்சலட்டையைப் போட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். விடையை முதலில் எழுத வேண்டாம். எந்தச் சொல் கடைசிவரை வேலையில்லாமல் நின்றது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.